ஐக்கும் கேக்கும் நடுவில் ஓர் எழுத்து

முதலில் நான் தைத்தது தேயிலைப் பை. இருபது பை. அது மெனேஜரின் குற்றமும் இல்லை, என் குற்றமும் முழுக்க இல்லை.

நான் வேலை செய்வது கொட்டகலைக்கு மேலே ஒரு பழைய பங்களாவில். முன்பு தோட்டத்துத் துரைமார் இருந்த வீடு, இப்போது சுற்றுலாக்காரர் தங்கும் ஹோட்டல். பின்பக்கம் சலவை அறைக்கு அடுத்த சின்ன அறைதான் தையல் அறை. மேசைத் துணி, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் கிழிந்தால் தைத்து, கசங்கினால் தேய்த்து வைப்பது என் பொறுப்பு. ஒரு நாள் காலையில் சமையல்காரர் வந்து வாசலில் நின்றார். பங்களாச் சமையல்காரரை எங்கள் பக்கம் அப்பு என்பார்கள். வயது அறுபது நெருங்கும், வாய் மட்டும் இருபது.

"தங்கச்சி, சாம்பிள ரெண்டு வாரத்துக்குள்ள தச்சு முடிக்கணுமாம். மெனேஜர் சேர் சொல்லச் சொன்னாரு. நோனா வாறாங்களாம்."

நோனா என்றால் பங்களாவின் சொந்தக்காரி. கொழும்பில் இருப்பவர். அவர் வருகிறார் என்றதும் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தேன். சாம்பிள் என்ன என்பதில் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரில் சாம்பிள் என்றால் ஒன்றுதான். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ஒவ்வொரு தரத்திலும் ஒரு பிடி எடுத்து ருசி பார்க்கக் கொழும்புக்கு அனுப்புவார்களே, அதுதான். விருந்தாளிகளுக்குக் கொடுத்தனுப்பப் பை கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பழைய படுக்கை விரிப்பில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, வாயை இழுத்துக் கட்ட நாடா கோத்து, இருபது பை. பை சிறிதாகிவிட்டதோ, நாடா போதாதோ என்று இரண்டு நாள் யோசனை வேறு.

மெனேஜர் சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் வினைச்சொல்லை எல்லாம் வழியிலேயே விட்டுவிட்டு வருவார். பைகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என்ன?"

"சாம்பிள் பை சேர்."

பையை மேசையில் வைத்தார். பிறகு என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். "அது. சாம்ப்ளர். அது தையல்."

நான்கு வருடமாக அந்தச் சுவருக்குக் கீழே மேசைத் துணி விரிக்கிறேன். அங்கே ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குவது தெரியும். அதற்குள் இருப்பது துணி என்றும், அதில் இருப்பது ஊசி வேலை என்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பைகளை அப்பு எடுத்துக்கொண்டார். கராம்பு, ஏலக்காய் போட வசதி என்றார்.

மழைக்காலத்தில் அந்த மூலையில் கூரை ஒழுகியிருக்கிறது. சட்டத்துக்குப் பின்னால் ஈரம் இறங்கி, துணியில் பூஞ்சணம் பிடித்து, பட்டு இழைகள் சில இடங்களில் உதிர்ந்துபோயிருந்தன. நோனாவுக்கு அது பிடித்தமான பொருளாம். வீட்டை வாங்கும்போதே சுவரோடு சேர்த்து வாங்கியதாம். எந்தக் காலத்துத் துரைசாணியோ தன் நாட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியதாக இருக்கும். போகும்போது எடுக்க மறந்திருப்பார். இப்போது அதை யாராவது தைத்துச் சரிசெய்ய வேண்டும். கொழும்புக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும் என்று மெனேஜர் என்னைக் காட்டிவிட்டார்.

எனக்கு முன்னால் தையல் அறையில் இருந்தவள் ஒரு விருந்தாளியின் உடுப்பில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டாள். அன்றைக்குச் சாயந்திரமே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை நான் தினமும் ஒரு தடவையாவது நினைப்பேன். எனக்கு இளைப்பு இருக்கிறது. மழையில் நனைந்தால் மூச்சு பிடித்துக்கொள்ளும். இந்த வேலை போனால் மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியதுதான். இங்கே வேலைக்கு வருவதற்கு முந்தின மழையில் அப்படிப் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே அந்தச் சட்டத்தை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தபோது நான் பார்த்தது பழைய துணியை அல்ல. அந்த அறையில் நான் இருப்பேனா மாட்டேனா என்பதைத்தான்.

சட்டத்தின் பின்பலகையில் சின்ன ஆணிகள். துருவோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து, வரிசையாகக் காகிதத்தில் வைத்து எண்ணினேன். துணி வெளியே வந்தது. லினன் துணி, சாயம் இறங்கின தேத்தண்ணி நிறம். முன்பக்கத்தில் இருந்ததெல்லாம் மங்கல்: சாம்பல் பச்சை, சாம்பல் நீலம், வெளிறிய செங்கல். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வேறு துணி மாதிரி இருந்தது. பச்சை, பச்சையாகவே இருந்தது. சிவப்பு, அன்றைக்குக் கடையில் வாங்கின மாதிரி. வெயில் படாத பக்கம்.

மேலே ஆங்கில எழுத்துகள், அதற்குக் கீழே எண்கள், பிறகு நான்கு வரியில் ஏதோ வசனம். சாமி சம்பந்தப்பட்டது என்று மெனேஜர் சொன்னார். நடுவில் ஒரு வீடு, அதற்கு ஐந்து ஜன்னல். இரண்டு பக்கமும் மரம், மரத்தைவிடப் பெரிய குருவி. எல்லாம் குறுக்குத் தையல். அடியில் ஒரு பெண்பிள்ளையின் பெயர், அதன் பக்கத்தில் வயது ஒன்பது என்று. ஆண்டு இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டில் பெண்பிள்ளைகள் எழுத்துப் பழகுவதும் ஊசி பழகுவதும் ஒரே துணியில்தானாம். பிறகு வீட்டுத் துணிகளுக்கு அடையாள எழுத்துப் போட இதைப் பார்த்துத் தைப்பார்களாம். இதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, ஒன்பது வயதில் ஒருத்தி இவ்வளவு நேராகத் தைத்திருக்கிறாள், எனக்கு முப்பத்தாறு ஆகிறது என்பது.

என் ஊசி வேலை கார்மென்ட் பெக்டரியில் பழகியது. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனார், தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பிறகு கொழும்புப் பக்கம் கார்மென்டில் மூன்று வருடம் கொலர் தைத்தேன். பூவேலை என் சொந்த ஆசைக்குச் செய்தது. தலையணை உறையில் ரோஜா, கைலேஞ்சி என்கிற கைக்குட்டையில் கிளி. அதெல்லாம் கடைநூல். பட்டில் தைத்ததில்லை.

பட்டு நூலுக்காக ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். நூல், பொத்தான் விற்கும் முஸ்லிம் கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மங்கின துணியின் ஓரத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"நானா, இந்த நெறத்துல பட்டு நூல் இருக்குங்களா?"

அவர் படத்தைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "இது நெறமா தங்கச்சி? இது நெறம் போன நெறம். புதுசு ஈக்கி. போனது நான் எங்க போய்த் தேடுற?"

"பட்டு இருந்தாப் போதும் நானா."

"பட்டுண்டு மின்னும், பட்டில்ல. எல்லாம் செயற்கை. பொய் சொல்லி ஒங்களுக்கு நான் விக்கப் போறல்ல. ஒங்கட கல்யாணக் கூறை பட்டுத்தானே? அதுல ரெண்டு இழைய உருவுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து கூறைச் சேலையை எடுத்தேன். முந்தானையில் குஞ்சம் இருக்கிறதே, அதில் நான்கு குஞ்சத்தை அவிழ்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது. அவிழ்த்தேன். நல்ல பட்டு. அரக்குச் சிவப்பு. பச்சைக்குக் கரையின் உள்மடிப்பில் கொஞ்சம் கிடைத்தது. மரத்துக்கும் வீட்டுக்கும் வேண்டிய கபில நிறத்துக்குச் சேலையின் வெளிர் மஞ்சள் இழையையே தேயிலைச் சாயத்தில் போட்டு எடுக்கலாம் என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் ஸ்டோரில் தேயிலை சலிக்கிற அறையில் வேலை. அடுப்பில் மூன்று கோப்பை வைத்து நூலை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன, நூலுக்குத் தேத்தண்ணி குடுக்குறியா?"

"கபில நெறம் வேணும். எது இறங்கும்?"

"டஸ்ட் போடு. சீக்கிரம் கறுக்கும். பெரிய எல போட்டா விடியற வரைக்கும் காத்திருக்கணும்." பிறகு கோப்பையைப் பார்த்து, "சீனி போட்டியா?" என்றார்.

அவர் சொன்னது சரி. டஸ்டில் கால் மணி நேரத்தில் மரப்பட்டை நிறம் வந்தது. சிவப்பையும் பச்சையையும் அதே தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தபோது அவையும் வயசான மாதிரி அடங்கிவிட்டன.

வேலை நான் பயந்ததைவிடச் சுலபமாக நடந்தது. காரணம் ஓட்டைகள். பழைய பட்டில் கபில நிறம்தான் முதலில் மக்கும் போலிருக்கிறது. மரத்தின் அடியும், வீட்டின் ஓரக்கோடும், குருவியின் காலும்தான் அதிகம் போயிருந்தன. ஆனால் இழை போனாலும் ஊசி போன இடம் துணியில் அப்படியே இருந்தது. நூறு, இருநூறு வருடத்துக்கு முந்தி அந்தப் பிள்ளை ஊசி குத்திய ஓட்டை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்குள்ளேயே என் ஊசியையும் விட்டேன். புதிதாக ஒரு குத்துக்கூடக் குத்தவில்லை. கொழுந்து பறிக்கையில் ஆளுக்கு ஒரு நெரை கொடுப்பார்கள். தன் நெரையில் செடி விடாமல் போக வேண்டும், அடுத்தவள் நெரைக்குள் கை போகக்கூடாது. அப்படித்தான் தைத்தேன். ஒரு வரி முடித்து அடுத்த வரி. ஜன்னல் முடிந்தது, கூரை முடிந்தது, மரம் முடிந்தது.

நான்காம் நாள், தூசி தட்ட மெல்லிய தூரிகையால் எழுத்து வரிசையை மேலாகத் தடவினேன். பச்சையாக ஒரு சின்ன உருண்டை உதிர்ந்து மேசையில் விழுந்தது. பூஞ்சணமா, நூலா என்று தெரியவில்லை. விரலில் எடுத்ததும் பொடியாகிவிட்டது. உதிர்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். ஐ இருந்தது. அடுத்து கே இருந்தது. நடுவில் ஜே இல்லை.

ஆங்கிலத்தில் எனக்கு எல்லா எழுத்தும் உறுதியாகத் தெரியாது. ஆனால் ஜே தெரியும். என் பெயர் அதில்தான் தொடங்குகிறது. கார்மென்டில் என் கத்திரிக்கோலில் அந்த எழுத்தை நகப்பூச்சால் எழுதி வைத்திருந்தேன். எங்கே எழுத்து வரிசையைக் கண்டாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். ஏன் இத்தனை நாள் போகவில்லை என்றால், நான் கீழே வீட்டையும் மரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைச் சாத்தினேன். ஒரு எழுத்தை நான் துடைத்து எறிந்துவிட்டேன். நூறு வருடத்துக்கு மேல் சுவரில் இருந்தது, என் கையில் நான்கு நாள் தாங்கவில்லை. முன்னால் இருந்தவள் இஸ்திரிப் பெட்டியோடு போனாள், நான் தூரிகையோடு போகப் போகிறேன்.

அதற்குப் பிறகு செய்ததை எப்படிச் செய்தேன் என்று இப்போதும் சரியாக விளங்கவில்லை. பச்சை இழையை எடுத்தேன். ஐக்கும் கேக்கும் நடுவில் ஒரு ஜே போட்டேன். அதற்கு இடம் போதவில்லை. மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் ஐந்து தையல் அகலம், எனக்குக் கிடைத்தது இரண்டு. ஒல்லியாக, பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டி நிற்பவன் மாதிரி ஒரு ஜே. அப்போதே யோசித்திருக்க வேண்டும். இன்னொன்றையும் யோசித்திருக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் ஓட்டையைப் பார்த்துத்தான் தைத்தேன், அங்கே ஓட்டை இல்லை. துணி ஈரம் குடித்து மூடிக்கொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் வந்தால் எனக்கு இந்த மாதிரிக் காரணங்கள் நன்றாக வரும்.

அடுத்த நாள் காலையில், வேறேதும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் பாடின ராகத்தோடு ஏ பி சி டி சொல்லி, ஒவ்வொரு எழுத்திலும் விரல் வைத்துப் போனேன். டி வரைக்கும் சரி. ராகம் யூ என்றது. விரல் வி-யில் இருந்தது.

மறுபடி பாடினேன். மறுபடியும் யூ இல்லை.

அந்த இடத்தை நான் தூரிகையால் தொடவே இல்லை. இரண்டு எழுத்து எப்படி விழும்? துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். டி-க்கும் வி-க்கும் நடுவில் ஒரு புள்ளி ஓட்டைகூட இல்லை. நெசவு மூடி, சுத்தமாக இருந்தது. அங்கே எந்தக் காலத்திலும் ஊசி போனதில்லை.

வரவேற்பு மேசையில் பங்களாவைப் பற்றிய ஒரு படப் புத்தகம் இருக்கிறது. விருந்தாளிகள் புரட்டுவது. நடுப்பக்கத்தில் சாப்பாட்டு அறைப் படம், அதில் சுவர், சுவரில் சட்டம். ஈரம் இறங்குவதற்கு முன் எடுத்தது. பூத்தொட்டியைத் துடைக்கிற மாதிரி நின்று குனிந்து பார்த்தேன். சின்னதாக இருந்தாலும் தெளிவாகத் தெரிந்தது. ஐ, கே. டி, வி. ஜேயும் இல்லை, யூவும் இல்லை. அந்த ஒன்பது வயதுப் பிள்ளை போடாததை நான் போட்டிருக்கிறேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியவில்லை போலிருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அது ஆறுதலாகக்கூட இருந்தது.

திரும்பி வந்து ஜேயைப் பிரித்தேன். ஊசியின் கூர்ப் பக்கம் வேண்டாம் என்று காதுப் பக்கத்தால் ஒவ்வொரு தையலாக நெம்பினேன். பதினோரு தையல். பத்து வந்துவிட்டது. பதினோராவதில் என் இழையோடு துணியின் இழையும் ஒன்று சேர்ந்து வந்து, பட்டென்று விட்டது. கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை. முழு வேலையிலும் நான் குத்திய புதிய ஓட்டைகள் அந்த இடத்தில் மட்டும்தான். அதில் ஒன்று கிழிந்தும் போனது.

அப்புவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவுதானா? நான் ஏதோ வீட்டையே கிழிச்சிட்டியோன்னு பாத்தேன். சொல்லாத. சாப்பிட வாறவன் எவன் ஏ பி சி டி எண்ணிக்கிட்டு சாப்பிடுறான்?"

"நோனா பாப்பாங்க."

"நோனாவுக்குக் கண்ணாடி போட்டாத்தான் கறியே தெரியுது."

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் வேறு மாதிரிச் சொன்னார். "சொல்லிரு. சொல்லாம விட்டா ரெண்டு நாள்ல நீயே காய்ச்சல்ல படுத்துருவ. அப்புறம் அதுக்கு வேற லீவு கேக்கணும்."

நோனா வந்தது ஒரு சனிக்கிழமை, பத்து மணித் தேத்தண்ணி நேரம். சட்டத்துக்குள் மாட்டாமல், துணியைச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணிமேல் விரித்து வைத்திருந்தேன். நோனாவுக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்கு. மெனேஜர் தொலைபேசியில் இருந்ததால் அப்புவைக் கூப்பிட்டார்கள். அவர் ஏப்ரனைக் கழற்றாமல் வந்து நடுவில் நின்றார்.

நோனா பூதக் கண்ணாடி வைத்திருந்தார். வீட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். நிறைய நேரம். பிறகு ஏதோ கேட்டார்.

"எது நீ தச்சது, எது பழசுன்னு கேக்குறாங்க," என்றார் அப்பு. "அவங்களுக்குக் கண்டுபிடிக்க முடியலயாம். காட்டு. கொறச்சும் சொல்லாத, கூட்டியும் சொல்லாத."

காட்டினேன். மரத்தடி, கூரையோரம், மூன்று ஜன்னல், குருவியின் இரண்டு கால். ஒவ்வொன்றுக்கும் நோனா கண்ணாடியை அங்கே கொண்டுபோனார். கடைசியில் ஐக்கும் கேக்கும் நடுவில் விரலை வைத்தேன்.

"இங்க நான் ஒரு எழுத்துப் போட்டேங்க. அப்புறம் பிரிச்சேன். இதுல ஒரு இழை அறுந்துருச்சு. அந்தப் பிள்ள விட்டுட்டாளோன்னு... இல்ல, நான்தான் தட்டி விட்டேனோன்னு பயந்து..."

அப்பு எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். இடையில் கையைக் கழுத்தில் வைத்துக் காட்டியது என் பயத்தைச் சொல்வதற்காக இருக்கும். நோனா சிரிக்கவில்லை. கடுகு ஓட்டையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பேசினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்பு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பிள்ள விடலயாம். அந்தக் காலத்துல அவங்களுக்கு ஐயும் ஜேயும் ஒரே எழுத்தாம். யூவும் வியும் அப்படித்தானாம். நம்ம க மாதிரி வச்சுக்க. கல்லுக்கும் அதே க, நகத்துக்கும் அதே க. சத்தம் வேற, எழுத்து ஒண்ணு. நாள நாம செத்த பொறகு எவளாவது வந்து, ஐயோ நகத்துக்கு எழுத்த விட்டுட்டாளேன்னு தச்சு வச்சா எப்படி? அதத்தான் நீ செஞ்சிருக்க."

கடைசி வரி நோனா சொன்னதாக இருக்காது.

நோனா ஒரு காகிதம் எடுத்துவரச் சொன்னார். எந்த எந்த இடத்தில் புதிதாகத் தைத்தேன், என்ன நூல், என்ன சாயம், எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். அதைச் சட்டத்துக்குள்ளே துணிக்குப் பின்னால் வைக்க வேண்டுமாம், பின்னால் திறப்பவர்களுக்குத் தெரிய. தமிழில் எழுதினால் போதும் என்றார். நான் நீளமாக எதையாவது எழுதிப் பல வருடம் ஆகிறது. மேசையோரத்தில் உட்கார்ந்து எழுதினேன். மரம், கூரை, ஜன்னல், குருவிக் கால். கலியாணச் சேலைப் பட்டு. டஸ்ட் தேயிலைச் சாயம், சீனி போடவில்லை. ஐக்கும் கேக்கும் நடுவில் ஓர் எழுத்துத் தவறுதலாகத் தைத்துப் பிரித்தது, இழை ஒன்று அறுந்தது. பெரிய ற-வா, சின்ன ர-வா என்று ஓர் இடத்தில் நின்று, அடித்து, மறுபடி எழுதினேன். அப்பு அதை வாங்கிச் செய்தி வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்துச் சிங்களத்திலும் சொன்னார்.

அந்த நேரம் மெனேஜர் வந்தார். நோனா காகிதத்தை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அவரிடம் சொன்னார்: "இன்ன கியன்ன."

சிங்களத்தில் எனக்கு அது தெரியும். இன்ன என்றால் இரு. இருக்கச் சொல்லுங்கள். மெனேஜர் என்னைப் பார்த்து, "இன்ன," என்றார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். காரின் கதவுச் சத்தம் கேட்டது. நுவரெலியாவில் நோனாவுக்கு யாரையோ பார்க்க இருந்தது. அப்பு மத்தியானச் சமையலுக்குப் போய்விட்டார்.

நான் இருந்தேன். ஜன்னலோரத்தில், சுவரில் சட்டம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில். எதற்கு இருக்கச் சொன்னார்கள் என்று தெரியாது. திரும்பி வந்து கணக்கு முடித்து அனுப்புவதற்கா? கடிதம் எழுதி வருவார்களா? முன்னால் இருந்தவளுக்கும் சாயந்திரம்தான் சொன்னார்கள். உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன். விருந்தாளிகள் இரண்டு பேர் வந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்போல இருந்தது, ஆனால் என்னை நகரச் சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்து போனார்கள். வெளியே மூடுபனி தோட்டத்தை மூடி, விலகி, மறுபடி மூடியது. இங்கிருந்து கொழுந்து மலை தெரியும். மழைக்கு ரெட்டு என்கிற தடித்த துணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பறிக்கிறவர்களின் வரிசை தெரிந்தது. என் மூச்சை நானே கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

நாலு மணி போல மெனேஜர் மட்டும் திரும்பி வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"தாம இன்னவத?" இன்னும் இருக்கிறாயா என்று.

"சேர்தான் இன்னன்னு சொன்னீங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இரண்டு கையையும் நெற்றியில் வைத்துக்கொண்டார். "ஐயோ. நோனா சொன்னது வேலைக்கு இன்ன. ஜன்னலுக்கு இன்ன இல்ல!"

சமையலறைக் கதவில் அப்புவின் தலை தெரிந்தது. "காலையில இருந்து இங்கயேவா நிக்கிற? நீ வீட்டுக்குப் போயிட்டன்னு நெனச்சு ஒஞ் சோத்த நாய்க்குப் போட்டுட்டேனே."

"அப்ப நாளைக்கும் வரலாமா சேர்?" என்று கேட்டேன். உறுதியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

"நாளைக்கு எட்டு மணி. எப்பவும் எட்டு மணி. இப்ப ராத்திரிச் சாப்பாடு மேசைத் துணி எங்க?"

பத்து மேசைத் துணியும் தேய்க்காமல் கூடையில் கிடந்தன. கால் மரத்துப்போயிருந்ததால் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.